முட்டிக்கு வெந்நீர்... தொடைக்கு வேலை!

மாடிப்படி இறங்கும்போது முட்டிக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம். தரையில் உட்கார்ந்து எழுந்தால் 'அம்மா...' என்று தானாக ஒரு முனகல். காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்து அடி எடுத்து வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது. கொஞ்சம் நடமாடினால் சரியாகிறது. சாயங்காலம் திரும்பவும் ஆரம்பித்துவிடுகிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீடுகளில், முக்கியமாகப் பெண்களிடம், இது கேட்டுக் கேட்டுப் பழகிய கதைதான்.

டாக்டரிடம் போகிறீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம்" என்கிறார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பாதி தைரியம் போய்விடுகிறது. 'செருப்பு தேயற மாதிரி தேஞ்சு போச்சு. இனிமே நடக்க நடக்க இன்னும் தேயும். நடக்காம இருந்தா மிச்சம் இருக்கறதாவது மிஞ்சும்' என்று நாமாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறோம். கோயிலுக்குப் போவது நின்றுவிடுகிறது. மார்க்கெட்டுக்குப் பையன் போகிறான். மொட்டை மாடியில் துணி காயப்போடும் வேலை மருமகளுக்குப் போய்விடுகிறது.

முட்டியைவிட அதிகமாக ஆளை முடக்கிப் போடுவது இந்தத் தப்புக் கணக்குதான்.

இப்படி முடங்கிப் போனவர்களின் கண்ணில்தான் 'ஸ்பா' விளம்பரம் படுகிறது. வெந்நீர்த் தொட்டி, சேற்றுப் பூச்சு, மசாஜ் என்று பத்து நாள், பதினைந்து நாள் 'பேக்கேஜ்'. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "பணத்தைப் பத்திக் கவலைப்படாதே, போயிட்டு வாம்மா" என்கிறார்கள். போகலாமா? போனால் முட்டி வலி தீருமா? இதற்கு 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் தெளிவான பதில் இருக்கிறது.

மூட்டு செருப்பு இல்லை!

முதலில் இந்தத் தேய்மானம் என்ன என்று பார்த்துவிடுவோம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற இடம் முழங்கால். முன்பக்கம் மூடி போல ஒரு சில்லு. எலும்புகளின் முனைகளில், ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு போக, வழவழவென்று குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வயது, உடல் எடை, பழைய அடி, பரம்பரை எல்லாம் சேர்ந்து இந்தக் குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாவதும், ஓரங்களில் எலும்பு முள் போலத் துருத்துவதும், மூட்டின் உட்சவ்வு அவ்வப்போது வீங்குவதும்தான் 'ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ்'.

இந்தக் குருத்தெலும்புக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்கு ரத்தக் குழாயே கிடையாது. பிறகு சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது? மூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் போன்ற திரவத்திலிருந்துதான். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் தண்ணீர் வெளியேறுகிறது, விட்டால் உறிஞ்சிக்கொள்கிறது. நீங்கள் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு பிழியப்படுகிறது. காலைத் தூக்கும்போது புதுத் திரவத்தை உறிஞ்சுகிறது. அதாவது, நீங்கள் நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. நாள் பூராவும் சோபாவில் உட்கார்ந்திருந்தால் மூட்டைப் பத்திரப்படுத்துவதாக நினைப்பு. உண்மையில் அதைப் பட்டினி போடுகிறீர்கள்.

இன்னொன்று: குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது. வலி வருவது அதற்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும், உட்சவ்விலிருந்தும், சுற்றியுள்ள தசை, தசைநார்களிலிருந்தும்தான். எக்ஸ்ரேயில் 'ரொம்ப மோசம்' என்று தெரிகிற சிலர் சாதாரணமாக நடந்துபோவதும், எக்ஸ்ரேயில் லேசாகத் தெரிகிறவர்கள் வலி தாங்காமல் துடிப்பதும் இதனால்தான். ஆகவே எக்ஸ்ரே படத்தைப் பார்த்துப் பயப்படுவதை முதலில் விடுங்கள். அது எலும்பின் படம். உங்கள் வலியின் படம் அல்ல.

தொடையின் முன்பக்கத்தில் நான்கு பிரிவாக ஒரு பெரிய தசை இருக்கிறது. நடக்கும்போதும் படி இறங்கும்போதும் முட்டியின் மேல் விழும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது இதுதான். காரில் 'ஷாக் அப்சார்பர்' மாதிரி. வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் இந்தத் தசை வெகு சீக்கிரம் மெலிந்துபோகும். தசை மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டின் மேல். பாரம் கூடினால் வலி. வலித்தால் மறுபடியும் உட்காருவது... செக்கு மாடு போல ஒரே சுற்று. இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது என்பதுதான் வைத்தியம்.

நாய் கண்டுபிடித்த சேறு

இப்போது ஸ்பாவுக்கு வருவோம். பிரான்ஸின் தென்மேற்கில் 'டாக்ஸ்' என்று ஓர் ஊர். ஊர் நடுவிலேயே 64 டிகிரி சூட்டில் ஊற்று கொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ரோமானியர் காலத்தில் ஒரு போர்வீரன் தண்டோடு புறப்பட வேண்டியிருந்ததாம். அவனுடைய நாய்க்கோ வாதம், நடக்க முடியவில்லை. கஷ்டப்படட்டும் என்று விட்டுப்போக மனசில்லாமல், பக்கத்திலுள்ள ஆற்றில் தள்ளிவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால், நாய் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடி வருகிறது! ஆற்றங்கரையில் வெந்நீர் ஊறிய சேற்றில் கிடந்து குணமாகிவிட்டதாம். கதை உண்மையோ பொய்யோ, டாக்ஸ் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அந்தச் சேற்றைச் சூடாக்கி முட்டிக்குப் பூசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிரான்ஸில் இது வெறும் சொகுசு இல்லை. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, மூன்று வாரத்தில் 18 நாள் சிகிச்சை என்று ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். செலவில் ஒரு பங்கை அரசுக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. 'ஏ-லே-பாங்' என்ற ஊருக்கு விக்டோரியா மகாராணியே 1885, 1887, 1890 என்று மூன்று தடவை போயிருக்கிறார். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1913-ல் திறந்த ஸெச்செனி குளியல் மாளிகையில், வெந்நீர்க் குளத்தில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே தாத்தாக்கள் செஸ் ஆடுவார்கள்!

சூடான தண்ணீருக்கு முட்டி மயங்குவது ஐரோப்பாவில் மட்டுமா? இமாசலப் பிரதேசத்து மணிகரணில் குருத்வாரா அடுப்பே வெந்நீர் ஊற்றுதான். அதில் அரிசி வேகிறது. இலங்கைத் திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் அடுத்தடுத்து ஏழு வெந்நீர்க் கிணறுகள். ராவணன் தன் தாயின் ஈமக் கிரியைக்காக உண்டாக்கியது என்று சொல்வார்கள். அங்கே போகிறவர்கள் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். ஆனால் இவையெல்லாம் ஒரு நாள் குளியல். சிகிச்சை என்று சொல்ல வேண்டுமானால், எத்தனை நாள், எவ்வளவு சூடு, கூட என்ன பயிற்சி என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

462 பேர், இரண்டு கட்சி

2010-ல் பிரான்ஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளியானது. 'தெர்மார்த்ரோஸ்' என்று பெயர். டாக்ஸ், ஏ-லே-பாங், பலாரூக் ஆகிய மூன்று ஊர்களில் நடந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 462 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான வைத்தியம், கூடவே வீட்டில் செய்யும் உடற்பயிற்சி. இரண்டாவது பிரிவுக்கு இதே வைத்தியம், இதே உடற்பயிற்சி. அதற்கு மேல் 18 நாள் ஸ்பா. மசாஜ், பீச்சுக் குளியல், சூடான சேறு, வெந்நீர்க் குளத்தில் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம்.

ஆறு மாதம் கழித்து, 'குறிப்பிட்டுச் சொல்லும்படி தேறியவர்கள் எத்தனை பேர்?' என்று பார்த்தார்கள். ஸ்பா பிரிவில் 100-க்கு சுமார் 51 பேர். ஸ்பா இல்லாத பிரிவில் 100-க்கு சுமார் 36 பேர்.

ஸ்பா விளம்பரக்காரர்கள் இந்த 51-ஐ மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்பாவினால் 100 பேரில் 14, 15 பேருக்குக் கூடுதல் நன்மை கிடைத்திருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சேறும் இல்லாமல், ஊற்றும் இல்லாமல், வீட்டிலேயே பயிற்சி செய்துகொண்டு வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேறியிருக்கிறார்களே! இன்னொன்றையும் கவனியுங்கள். 'பயிற்சி வேண்டாம், தொட்டியில் படுத்தால் போதும்' என்று அந்த ஆராய்ச்சியில் யாருக்கும் சொல்லவில்லை. 51 பேர் தேறிய பிரிவும் பயிற்சி செய்த பிரிவுதான். அதோடு, பொதுவான வாழ்க்கைத் தரம் என்று அளந்து பார்த்தபோது இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மாத்திரை ஆராய்ச்சி என்றால் பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். 18 நாள் வெந்நீரில் இறங்கினோமா இல்லையா என்பது ஒருவருக்குத் தெரியாமல் போகுமா? மூன்று வாரம் நம்மை ஒருத்தர் அக்கறையாகக் கவனித்தாலே பாதி வலி குறைந்த மாதிரி இருக்கும்தானே! அதனால் அந்தக் கூடுதல் நன்மையில் தண்ணீரின் பங்கு எவ்வளவு, கவனிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

என்னைக் கேட்டால், வசதி இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் போகுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க இடத்துல பிஸியோதெரபிஸ்ட் இருக்காரா? எனக்குத் தினமும் பயிற்சி சொல்லிக்கொடுத்து, வீட்டுல செய்யறதுக்கு எழுதியும் கொடுப்பாரா?" 'இருக்கிறார்' என்றால் அது சிகிச்சை. பூவிதழ் தூவிய தொட்டியும் புல்லாங்குழல் கேசட்டும் மட்டும்தான் என்றால் அது ஓய்வு. ஓய்வும் நல்லதுதான். அதற்குச் சிகிச்சையின் விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

மாயம் ஒன்றும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் தாங்க வேண்டிய பாரம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மார்பளவில் நின்றால் மூன்றில் ஒரு பங்குதான். எழுபது கிலோ ஆள் இருபத்து மூன்று, இருபத்து நாலு கிலோவாக ஆன மாதிரி! தரையில் வலிக்கிற அதே முட்டி, தண்ணீருக்குள் சுலபமாக மடங்கி நீளும். கூடவே வெதுவெதுப்பான சூடு. இறுகிப்போன தசை தளர்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, வலி மந்தமாகிறது. தாதுப் பொருள்களுக்கும் பங்கு உண்டா? குழாய்த் தண்ணீரையும் ஊற்றுத் தண்ணீரையும் ஒரே சூட்டில் வைத்து ஒப்பிட்ட சிறிய ஆராய்ச்சிகளில் ஊற்றுத் தண்ணீருக்குச் சற்றுக் கூடுதல் பலன் தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி விமானம் ஏறுகிற அளவுக்குப் பெரிய சாட்சியம் இல்லை.

உங்கள் ஊரில் நீச்சல் குளம் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. மார்பளவு தண்ணீரில், ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பத்து அடி, பின்னால் பத்து அடி, பக்கவாட்டில் பத்து அடி நடங்கள். பிறகு ஒரு காலில் நின்று மறு காலை மடக்கி நீட்டுங்கள். இருபது நிமிஷம் போதும். குளத்தின் ஓரம் வழுக்கும், ஜாக்கிரதை. தனியாக இறங்காதீர்கள்.

வீட்டிலேயே ஒரு ஸ்பா

குளமும் இல்லை, தொட்டியும் இல்லை என்றால்? ஒத்தடம் இருக்கிறது. தடிமனான துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து முட்டியைச் சுற்றிப் போர்த்துங்கள். ஆற ஆற மாற்றுங்கள். அல்லது ரப்பர் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து, இருபது நிமிஷம். பாட்டி வைத்தியத்தில் நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், வறுத்த உப்பு மூட்டை எல்லாம் உண்டு. தாராளமாகச் செய்யலாம், அதில் பெரிய வேலை செய்வது சூடுதான். எண்ணெய் தேய்ப்பதிலும் தவறில்லை. இதமாகத் தேய்க்க வேண்டும். 'நரம்பு எடுக்கிறேன்' என்று முரட்டுத்தனமாகப் பிசைகிறவர்களிடம் முட்டியைக் கொடுக்காதீர்கள்.

முக்கியமான விஷயம்: ஒத்தடம் முடிந்ததும் 'அப்பாடா' என்று படுத்துவிடக் கூடாது! சூட்டில் தசை தளர்ந்து, வலி மந்தமாக இருக்கிற அந்த அரை மணி நேரம்தான் பயிற்சிக்கு ஏற்ற நேரம். பல வீடுகளில் ஒத்தடம் தினமும் நடக்கிறது. அதற்குப் பிறகு நடக்க வேண்டியது மட்டும் நடப்பதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாதத்திலும் காலிலும் உணர்ச்சி குறைந்திருந்தால், சூடு அதிகமானது தெரியாமலேயே கொப்பளித்துவிடும். தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். முட்டி திடீரென்று வீங்கி, தொட்டால் அனல் அடிக்கிறது என்றால் சூட்டு ஒத்தடம் கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்கலாம். இதய நோய், குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கழுத்தளவு வெந்நீரில் மூழ்கிக் கிடப்பதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

இனி, தொடைக்கு வேலை

படுக்கையில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். இப்போது முட்டியால் அந்தத் துண்டைக் கீழ்நோக்கி நசுக்குகிற மாதிரி அழுத்துங்கள். பாதம் உங்கள் முகத்தைப் பார்த்து மடங்கியிருக்கட்டும். தொடையின் மேல் கையை வைத்துப் பார்த்தால் தசை கல்லு மாதிரி இறுகுவது தெரியும். மனசுக்குள் எண்ணாமல் வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணச் சொல்வது எதற்கென்றால், மூச்சை அடக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது முக்கியம். பத்து தடவை செய்துவிட்டு அடுத்த காலுக்குப் போங்கள். எழுந்து நிற்கவே முடியாத அளவு வலி இருக்கிற நாளில்கூட இந்த ஒன்றைப் பலராலும் செய்ய முடியும்.

அடுத்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றிக்கொள்ளுங்கள். நீட்டிய காலை முட்டி மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். மறு காலை மடக்கி வைப்பது இடுப்புக்குப் பாதுகாப்பு, அதை விட்டுவிடாதீர்கள். இதையே ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்கினால் இடுப்புத் தசைக்கு வேலை. நடக்கும்போது உடம்பு இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

டி.வி. பார்க்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி. நாற்காலியில் நன்றாக முதுகு சாய்த்து உட்கார்ந்து, ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்தால் போதும். விளம்பரத்துக்குத்தான் பஞ்சமே கிடையாதே!

இவற்றிலெல்லாம் ராஜா எது என்று கேட்டால் உட்கார்ந்து எழும் பயிற்சியைத்தான் சொல்வேன். கைப்பிடி இல்லாத, சுவரோடு ஒட்டிப் போட்ட, அசையாத நாற்காலி வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து எழுந்திருங்கள். உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். முடியவில்லையா? நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அப்படியும் முடியாவிட்டால் முன்னால் ஒரு மேஜையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து தடவையில் ஆரம்பித்துப் பத்துக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்ச நாளில் தலையணையை எடுத்துவிட முடியும். பஸ்ஸில் எழுவது, கழிப்பறையில் எழுவது, சினிமாக் கொட்டகையில் எழுவது எல்லாமே இந்த ஒரு அசைவுதான். தினசரி வாழ்க்கைக்கே பயிற்சி செய்கிற மாதிரி.

முடிக்கும்போது சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகால் தரையை விடாமல் அரை நிமிஷம் நில்லுங்கள். கெண்டைக்கால் சதை இழுபட்டு இதமாக இருக்கும்.

தசையை வலுவாக்கும் இந்தப் பயிற்சிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். துண்டை அழுத்தும் பயிற்சியைத் தினமும் செய்யலாம். இவை தவிர சமதளத்தில் நடை. காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் என்று தொடங்குங்கள். உட்கார்ந்த இடத்தில் மிதிக்கும் சைக்கிள் வீட்டில் துணி காயப்போட மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தால், அதைத் தூசி தட்டி சீட்டை உயர்த்தி வைத்து மிதிக்கலாம்.

"வலிக்குதே, எப்படிச் செய்யறது?"

எல்லாரும் கேட்கிற கேள்வி. வலியே இல்லாத நாளுக்காகக் காத்திருந்தால் அந்த நாள் வராது. டென்மார்க்கில் 2013-ல் தொடங்கி, இப்போது வேறு பல நாடுகளிலும் நடக்கிற 'கிளாட்' என்ற முழங்கால், இடுப்பு மூட்டுப் பயிற்சித் திட்டத்தில் ஒரு நல்ல கணக்கு வைத்திருக்கிறார்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி செய்யும்போது 5 வரை போனால் பரவாயில்லை. பயிற்சிக்குப் பிறகு கூடின வலி, ஒரு நாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பயிற்சியை நிறுத்த வேண்டாம். அடுத்த தடவை எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டி வலி என்பது 'உடைகிறேன்' என்ற அலறல் அல்ல. பெரும்பாலும் 'பழக்கமில்லை' என்ற புலம்பல்தான்.

பலன் எப்போது தெரியும்? முதல் வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தெரிகிற பலனும் மந்திரம் போட்ட மாதிரி இருக்காது. படி ஏறுவது முன்னைவிடச் சுலபம், ராத்திரித் தூக்கம் முன்னைவிடப் பரவாயில்லை என்கிற மாதிரிதான் இருக்கும். 'சரியாப் போச்சு' என்று நிறுத்தினால் சம்பாதித்த தசை மறுபடியும் கரைந்துபோகும். பல் தேய்ப்பதை 'சரியாப் போச்சு' என்று நிறுத்துகிறோமா?

எடை, கைத்தடி, இன்னும் சில

அதிக எடை உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால் முட்டிக்கு ஒரு கிலோதான் மிச்சம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் முட்டி மேல் விழுகிற பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்து சொன்னார்கள். அங்கேயே 2013-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், 454 பேரை 18 மாதம் கவனித்ததில், பயிற்சியையும் உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் மிக்ஸர் தட்டையும் கொஞ்சம் யோசியுங்கள்.

சப்பணம் போடுவது, குத்தவைத்து உட்காருவது இரண்டும் வலி அதிகமாக உள்ள சமயத்தில் வேண்டாம். அதற்காக ஆயுசுக்கும் தடை இல்லை. தசை பலமானதும் முடிந்தவரை பார்க்கலாம். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதை மேஜைக்கு மாற்றுங்கள். கழிப்பறையை மாற்ற வசதி இல்லாதவர்கள், நடுவில் துளை உள்ள நாற்காலியை வாங்கி அதன் மேல் போட்டுக்கொள்ளலாம்.

கைத்தடி பிடிக்க வெட்கப்படாதீர்கள். ஆனால் எந்தக் கையில் பிடிப்பது? வலது முட்டி வலித்தால் இடது கையில். நிறையப் பேர் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு, 'இதனால ஒண்ணும் பிரயோசனம் இல்லை' என்கிறார்கள். மாற்றிப் பிடித்துப் பாருங்கள்.

மருந்துக் கடையில் நேராகப் போய் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு எல்லாம் பின்னாலேயே வரும். மேலே தடவுகிற வலி மருந்து முட்டிக்கு ஓரளவு பலன் தரும்; எது, எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். மூட்டை வளர்க்கும் என்று சொல்லி விற்கும் குளுக்கோசமின் மாத்திரையை 2006-ல் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள். மொத்தத்தில் போலி மாத்திரையைவிட மேலாக அது வேலை செய்யவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம்.

எல்லாம் செய்தும் ராத்திரித் தூக்கமே இல்லை, வீட்டுக்குள் நடப்பதே முடியவில்லை என்ற நிலை வந்தால் மூட்டு மாற்று ஆபரேஷன் நல்ல வழிதான், பயப்பட வேண்டாம். அதற்குப் போகிறவர்களுக்கும் மேலே சொன்ன பயிற்சிகள் உதவும். தொடையில் பலத்தோடு போகிறவர்கள் எழுந்து நடப்பது சுலபம்.

முட்டி திடீரென்று சிவந்து வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது, விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாதது, முட்டி பூட்டுப் போட்ட மாதிரி மடங்கின நிலையில் மாட்டிக்கொள்வது, இவற்றையும் 'தேய்மானம்தானே' என்று விட்டுவிடக் கூடாது. காலையில் மூட்டு இறுகி அரை மணி நேரத்துக்கு மேலும் இளகவில்லை, கை விரல் மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கும்.

பிஸியோதெரபிஸ்டிடம் முதல் தடவை போகும்போது, முட்டிக்கு மேல் ஏற்றிவிடக் கூடிய தளர்வான உடை போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் உயரத்தையும், ஒரு நாளில் எத்தனை படி ஏறி இறங்குகிறீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போனால், உங்களுக்கென்று பயிற்சி எழுதிக் கொடுக்க அவருக்குச் சுலபமாக இருக்கும்.